பாசிக்கு யாரும் பத்வா கேட்டதில்லை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவனுக்கு நோன்பு மாதம் என்றால் நிறங்களின் மாதம். அஸர் தொழுகை முடிந்த கையோடு ரோட்டோரம் மேசைகள் முளைத்துவிடும். ஒரு வாளியில் சிவப்பு சர்பத், பக்கத்து வாளியில் பச்சை, தட்டுத் தட்டாக மஞ்சளும் ரோஸுமாய்க் கடற்பாசி. மாதிரி எடுத்து, பங்கு பிரித்து, அரக்குச் சீல் வைத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புவது என் வேலை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் எனக்குத் தந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. இந்த நிறம் அனுமதிக்கப்பட்டதா, அளவு கூடிவிட்டதா, நூலுக்குப் போடும் சாயத்தைச் சர்பத்துக்குப் போட்டிருக்கிறார்களா என்று நான் கேட்கலாம். வாங்க வந்து நின்ற சனம் கேட்டது வேறு. "சேர், இந்தக் கலர் ஹலாலா?" அதற்குப் பதில் சொல்ல என் பெட்டியில் ஒரு கருவியும் இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேள்வியின் பின்னால் போக நேரம் கிடைத்தது. போகப் போக ஒன்று பிடிபட்டது. அந்தத் தட்டில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று இறுகி நிற்கும் பாசி, மற்றது அதன் நிறம். பாசியைப் பற்றி இந்தக் கரையில் யாரும் ஆலிமிடம் போய்ச் சந்தேகம் கேட்டதாக நான் அறியேன். சண்டை, சந்தேகம், நோட்டீஸ், சான்றிதழ் எல்லாம் நிறத்தோடும், நிறத்தைச் சுமந்து வருகிற சாமான்களோடும் வந்தவை. இப்போது அந்த நிறமும் பாசியிலிருந்தே வரத் தொடங்கியிருக்கிறது.

என் மூத்தம்மா கடற்பாசி காய்ச்சுகிற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உலர்ந்த வெள்ளை நரம்புக் கட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கொதிக்கவிட்டு, துணியில் வடித்து, சீனியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்துத் தாம்பாளத்தில் ஊற்றுவா. ஒரு துண்டு ரம்பை இலையும் உள்ளே கிடக்கும். ஐஸ்பெட்டி இல்லாத காலம். மக்ரிபுக்கு முன் தானாக இறுகிவிடும். கத்தியால் கோணல் சதுரமாக வெட்டி, முதல் தட்டுப் பள்ளிவாசலுக்கு, அடுத்தது அயல் வீட்டுக்கு. நிறம் என்று ஏதும் போட்டதாக ஞாபகம் இல்லை. பால் வெள்ளை, அவ்வளவுதான். கட்டைச் சுற்றியிருந்த தாளில் சீன எழுத்து இருக்கும். கடைக்காரர் அதைச் சைனா கிராஸ் என்று சிட்டையில் எழுதுவார்.

சீனாவிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த அந்தச் சாமான் இந்தத் தீவின் தண்ணீரிலேயே விளைந்தது என்பதுதான் வேடிக்கை. கிரசிலேரியா என்ற சிவப்புக் கடற்பாசி புத்தளம் களப்பிலும் கற்பிட்டியிலும் யாழ்ப்பாணக் கரையிலும் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலும் வளர்கிறது. இராமநாதபுரக் கரையில் அதற்குக் கஞ்சிப்பாசி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய மருந்துப் புத்தகங்களில் அதை சிலோன் மோஸ், ஜப்னா மோஸ் என்ற பெயர்களில் காணலாம். 1834இல் கல்கத்தாவில் இருந்த டபிள்யூ. பி. ஓஷோனெசி என்ற வைத்தியர் அதைப் பகுத்துப் பார்த்து எழுதினார். பிற்காலத்தில் இந்தியா முழுவதும் தந்திக் கம்பி இழுத்தவரும் அவர்தான். நூறு பங்கில் ஐம்பத்துநான்கரைப் பங்கு கூழாகும் பொருள், பதினைந்து பங்கு மாச்சத்து என்று அவருடைய கணக்கு. நோயாளிக்கும் பிள்ளைக்கும் ஏற்ற இலேசான ஆகாரம் என்று அது ஐரோப்பிய மருந்துக் கடைகளுக்குப் போனது. எங்கள் மூத்தம்மாமாரும் காய்ச்சலில் கிடந்து எழும்பியவருக்கு அதைத்தான் கரண்டியால் ஊட்டினார்கள்.

அதே சாமானை நான் மறுபடி சந்தித்தது களுத்துறையில் பரிசோதகர் பயிற்சியில். வட்டக் கண்ணாடித் தட்டில் இறுகிய மஞ்சள் கூழ், அதன் மேல் கிருமிப் புள்ளிகள். இது என்ன சாமான் என்று கேட்டால் ஏகார். கதையைப் பிறகு வாசித்தேன். பெர்லினில் ரொபர்ட் கோக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸ கிருமி வளர்க்க ஜெலட்டினைப் பாவித்தார். வெயில் காலத்தில் அது உருகி ஓடியது. சில கிருமிகள் அதைத் தின்று தண்ணீராக்கின. அவர் மனைவி ஃபனி, ஜாவாவில் இருந்து வந்த அயலவர் ஒருவரிடம் கேட்டுப் படித்து, வீட்டில் ஜெலிக்கு ஏகார் போடுபவர். 1881இல் அதை ஆய்வுகூடத்துக்கும் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். அடுத்த வருசம் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது ஏகாரையும் குறிப்பிட்டார். ஃபனியின் பெயர் அதில் இல்லை. சமையலறையிலிருந்து வந்த அறிவுக்குப் பெயர் போடும் வழக்கம் எங்கும் குறைவு.

ஜெலட்டினைப் பாசி வென்ற கதை அப்படி இரண்டு தரம் நடந்தது. பெர்லினில் வெக்கைக்காக, எங்கள் வீடுகளில் ஹலாலுக்காக. ஜெலட்டின் மிருகத்தின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பன்றித்தோலில் எடுப்பதும் உண்டு, முறைப்படி அறுக்காத மாட்டில் எடுப்பதும் உண்டு. பெக்கட்டில் வந்த ஜெலியைத் தொடத் தயங்கிய அதே வீட்டில் கடற்பாசியைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. கடலில் உள்ளது ஆகும் என்பது ஓதப்போன பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம்.

இரண்டாம் உலகப் போரில் யப்பான் இறங்கியதும் உலகத்துக்கு ஏகார் வந்த வழி அடைபட்டது. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் தத்தம் கரைகளில் மாற்றுப் பாசி தேடின. இலங்கைப் பாசிகளை ஒழுங்காகப் பட்டியலிட்டவர் எம். துரைரட்ணம். அவருடைய நூல் 1961இல் மீன்பிடி ஆராய்ச்சி நிலைய வெளியீடாக வந்தது. அதே வருசம்தான் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் உண்டானது. ஆனால் பாசிக் கதையில் அம்பாறைக் கரைக்குப் பெரிய இடம் கிடையாது. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பெரும்பாலும் நேரான மணல், நேரே அடிக்கும் அலை. பாசி பற்றிப்பிடிக்க அமைதியான ஆழங்குறைந்த உப்புநீர் வேண்டும். நாங்கள் தின்றோம், விளைவிக்கவில்லை.

இனி நிறத்துக்கு வருகிறேன். இங்கே கதை குழம்புகிறது.

சிவப்பு என்றால் அந்தக் காலத்தில் ஐரோப்பியருக்குக் கொச்சினீல். மெக்சிக்கோவில் சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சி. பெண்பூச்சியைச் சுரண்டி உலர்த்திப் பொடித்தால் இரத்தச் சிவப்பு. ஒரு பவுண்டு பொடிக்கு ஏறக்குறைய 70,000 பூச்சி என்பார்கள். ஸ்பெயின்காரன் அந்த வியாபாரத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். கிழக்கிந்தியக் கம்பனிக்கு அதில் கண். மதராசில் ஜேம்ஸ் அண்டர்சன் என்ற வைத்தியர் பூச்சி வருமுன்பே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு வைத்தார். 1795இல் நீல்சன் என்ற கப்டன் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது வேறு இனம். நல்ல சாயம் தரவில்லை, ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டவர்கள் 1830களில் தென்னிந்தியாவிலும் 1860களில் இலங்கையிலும் கள்ளிக்காட்டை அழிக்கவென்றே அதை விட்டார்கள். பூச்சியைக் கொண்டு களையை அழித்த வேலைகளில் உலகத்தில் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான். பிறகு 1896இல் ஏர்னஸ்ட் கிரீன் என்ற பூச்சியியலாளர் அதற்கு வைத்த பெயரில் சிலோனும் சேர்ந்துகொண்டது: டக்டிலோப்பியஸ் சிலோனிக்கஸ். சாயத்துக்கு உதவாத பூச்சிக்கு எங்கள் நாட்டின் பெயர். அது தோற்றுப்போன ஒரு வியாபாரத்தின் மிச்சம்.

1856இல் லண்டனில் பேர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் நிலக்கரித் தாரிலிருந்து ஊதா நிறம் எடுத்தான். அதன் வழியில் வந்த செயற்கை நிறங்கள் முதலில் துணிக்குப் போயின, பிறகு வாய்க்கு வந்தன. மருதமுனையில் பிறந்தவனுக்குச் சாயம் புதிதில்லை. கைத்தறிச் சாரமும் சேலையும் எங்கள் ஊர்த் தொழில். வளவில் நூல் தோய்க்கும் தொட்டி, காயப்போட்ட கயிறுகளில் பச்சையும் நாவல் நிறமும், மழை பெய்தால் ஒழுங்கையில் ஓடுகிற நிறத்தண்ணீர் எல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, வேலைக்கு வந்த பிறகு இனிப்புக் கடையில் அளவுக்கு மிஞ்சி மினுங்குகிற ரோஸைக் கண்டால் எனக்கு முதலில் தொட்டிதான் ஞாபகம் வரும். றோடமின் பி என்ற சாயம் துணிக்கும் தாளுக்கும் உரியது, தின்பண்டத்துக்கு ஆகாது. கடைக்காரர்களுக்குக் காட்டவென்று ஒரு சின்னச் சோதனை வைத்திருந்தேன். சர்பத்தில் கொஞ்சம் வினாகிரி விட்டு வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்க வைப்பது. செயற்கை நிறமென்றால் பெரும்பாலும் நூல் பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. இயற்கை நிறம் பெரும்பாலும் கழுவக் கழுவப் போய்விடும். எந்த நிறம் என்று அது சொல்லாது. ஆனால் "இது ரோசாப்பூவில் எடுத்தது சேர்" என்று நிற்பவரை நூலைக் காட்டி வாயடைக்கப் போதும்.

இதில் ஒரு தலைகீழ் விசயம் இருக்கிறது. எனக்குப் பயம் தந்த செயற்கை நிறத்தில் ஆலிம்களுக்கு அவ்வளவு பிரச்சினை இல்லை. தாரிலும் எண்ணெயிலும் எடுத்தது, நஞ்சில்லை என்றால் சரி. எனக்குப் பயம் தராத "இயற்கை" என்ற சொல்தான் அவர்களை உசுப்பியது. ஏனென்றால் பெக்கட்டில் இயற்கைச் சிவப்பு, ஈ 120, கார்மைன் என்று எழுதியிருந்தால் அது அந்த மெக்சிக்கோப் பூச்சி. எங்கள் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவு. பூச்சி புழு ஆகாது என்பது அதில் பொதுவான நிலை. ஆனால் அதே மத்ஹபைப் பின்பற்றும் இந்தோனேசியாவில் உலமா சபை 2011இல் 33ஆம் இலக்க பத்வாவில் கொச்சினீல் நிறம் ஆகும் என்று சொன்னது. அந்தப் பூச்சிக்கு ஓடுகிற இரத்தம் இல்லை, தீங்கும் இல்லை என்பது அவர்கள் வாதம். அடுத்த வருசம் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்ட்ரோபெரிப் பானத்திலிருந்து கொச்சினீலை எடுத்துவிட்டுத் தக்காளி நிறத்துக்கு மாறியது. அங்கே எதிர்ப்புச் சொன்னவர்கள் மரக்கறிக்காரர்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வந்த பாதை வேறு. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. சவூதிக்கும் கட்டாருக்கும் போனவர்களின் பெட்டியில் பெக்கட் பெக்கட்டாகச் சாமான் வந்தது. அதுவரை இறைச்சி யார் அறுத்தது, பால் யார் கறந்தது, மாவு எந்த மில்லில் அரைத்தது என்று தெரியும். பெக்கட்டுக்குப் பின்னால் ஆள் இல்லை, இலக்கம்தான். உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான ஈ இலக்கங்களைப் பட்டியலிட்ட ஃபோட்டோக்கொப்பி ஒன்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கையில் திணிக்கப்படும். ஹலால், ஹராம், சந்தேகம் என்று மூன்று நிரல். அதில் சரியானதும் இருந்தது, கண்டபடி எழுதியதும் இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அதை ஒட்டாத வீடு குறைவு. எனக்கு அதில் ஒரு குறை: எந்த நிறம் பிள்ளைக்குக் கூடாது என்று அதில் நிரல் இல்லை.

1924இல் தொடங்கிய அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பிறகு ஹலால் சான்றிதழ் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. பெக்கட்டில் ஒரு வட்ட முத்திரை, அவ்வளவில் பட்டியல் தேவைப்படவில்லை. 2013இல் பொது பல சேனா என்ற பௌத்தக் கடும்போக்கு அமைப்பு அந்த முத்திரைக்கு எதிராகக் கிளம்பியது. மார்ச் மாதத்தில் உள்ளூர்ச் சந்தையில் முத்திரையை நீக்க உலமா சபை இணங்கியது. 2014 தொடக்கத்தில் ஹலால் எக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் பொறுப்பெடுத்தது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு கேள்வி மறுபக்கமிருந்து வந்தது. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் கண்ட கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்து உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் அதைப் பரிசோதித்து மாச்சத்து என்றார், வெறும் மாவுக்கட்டி. உணவில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி எங்களுடையது மட்டும் என்று நினைத்திருந்தோம். அந்த அறிக்கை கைக்கு வந்தபோது கடை உடைந்து போயிருந்தது.

இந்த நேரத்தில்தான் நுண்பாசி வருகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி. உண்மையில் அது பழைய ஆள். ஆபிரிக்காவில் சாட் ஏரியின் ஓரத்துக் காரநீர்க் குளங்களில் கனெம்பு சமூகப் பெண்கள் பச்சை நுரையை வழித்து மணலில் ஊற்றி உலர்த்தி அடையாக்கிக் குழம்பில் போடுகிறார்கள். பெயர் டிஹே. அதைத்தான் நாங்கள் ஸ்பிருலினா என்கிறோம். 1940இல் பிரெஞ்சுக்காரரான டஞ்சார்ட் அதைப் பற்றி எழுதினார். 1960களில் பெல்ஜியத் தாவரவியலாளர் ஜோன் லியோனார் போய்ப் பார்த்த பிறகே உலகம் கவனித்தது. கனெம்புக்காரர் முஸ்லிம்கள். பரம்பரை பரம்பரையாகத் தின்கிறார்கள், சான்றிதழ் கேட்டதாகக் கதை இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி. வி. சேஷாத்திரி 1980களில் கிராமத்துப் பெண்கள் தொட்டியில் ஸ்பிருலினா வளர்க்கும் முறையைப் பரப்பினார். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் இன்றைக்கு அது பெரிய பண்ணை.

ஸ்பிருலினாவின் பச்சைக்குள் ஒரு நீலம் ஒளிந்திருக்கிறது, பைக்கோசயனின். தண்ணீரில் கரைத்தே பிரிக்கலாம். சாப்பாட்டுக்கு நீலம் கிடைப்பது அருமை. 2013இல், எங்கள் நாட்டில் முத்திரைச் சண்டை நடந்த அதே வருசம், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஸ்பிருலினா நீலத்தை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அனுமதித்தது. 2025 மே மாதம் கல்டீரியா என்ற இன்னொரு நுண்பாசியின் நீலமும் பட்டியலில் ஏறியது. அதே நாளில் சங்குப்பூவுக்கும் பாவனை கூட்டிக் கொடுத்தார்கள். எங்கள் வேலியில் சும்மா பூத்துக் கிடக்கும் சங்குப்பூ.

மஞ்சளும் செம்மஞ்சளும் உப்பளத்திலிருந்து வருகின்றன. உப்பு முற்றும் பாத்தியில் தண்ணீர் ரோஸாக மாறுவதைப் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பு வாருகிறவர்களுக்குத் தெரியும். அந்த நிறத்தில் ஒரு பங்கு டுனாலியெல்லா என்ற நுண்பாசியுடையது. 1838இல் பிரான்சில் டுனால் என்பவர் உப்பளத்தில் கண்டது. உப்பும் வெயிலும் கூடக் கூட அது தன்னைக் காக்க பீட்டா கரோட்டினை நிரப்பிக்கொள்ளும், உலர்ந்த எடையில் பத்திலொரு பங்குவரை. கரட்டில் உள்ள அதே பொருள்.

ஹலால் கேள்வி இங்கே தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை, இடம் மாறியிருக்கிறது. பாசி ஆகும். ஆனால் பீட்டா கரோட்டின் எண்ணெயில் கரைவது, அப்படியே சர்பத்தில் கலக்காது. அதைச் சிறு மணியாக்கி மேலே ஒரு உறை போடுவார்கள். பல கம்பனிகள் போடும் உறை ஜெலட்டின். கண்ணுக்கு நல்லது என்று விற்கும் பாசி மாத்திரையின் கூடும் பெரும்பாலும் அதுதான். சில நிறங்களைப் பிரிக்க மதுசாரம் பாவிக்கிறார்கள். தொட்டியில் வளர்க்கும் சிலவற்றுக்குக் கொடுக்கும் ஊட்டத்தில் மிருகப் புரதம் இருக்கலாம். பெர்லினில் பாசியிடம் தோற்றுப்போன ஜெலட்டின் இப்போது பாசிக்கே சட்டையாகி நிற்கிறது. முத்திரை கொடுப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்தச் சட்டையை. "நுண்பாசி, ஆகவே ஹலால்" என்று விளம்பரத்தில் போடுவது பாதிப் பேச்சு.

என் அயல் வீட்டுப் பிள்ளை ஒன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிறது. ஒலுவிலில் அந்தப் பல்கலைக்கழகம் இல்லாதிருந்தால் அவள் படிப்பு உயர்தரத்தோடு நின்றிருக்கும். கேக் ஐசிங்குக்கென்று கொழும்பிலிருந்து எடுப்பித்த நீலப் பொடியை அவள் என்னிடம் கொண்டுவந்தாள். "மாமா, ஸ்பிருலினாதான் எண்டு போட்டிரிக்கி. கலந்தது என்னெண்டு போடல்ல." கம்பனிக்கு எழுதிக் கேள் என்றேன். எழுதினாள். உலர்த்தும்போது சேர்த்தது ட்ரெஹலோஸ் என்று பதில் வந்தது. அது ஒரு வகைச் சீனி, ஜெலட்டின் இல்லை.

அந்தப் பொடியை என் மருமகள் கொதிக்கிற கடற்பாசியில் போட்டாள். நீலம் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. பைக்கோசயனின் ஒரு புரதம், 60 பாகைக்கு மேல் தாங்காது. கடற்பாசி இறுகுவது 40 பாகைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில், கைவிரல் சூடு தாங்குகிற நேரத்தில், கலக்கினால் இரண்டும் பிழைக்கும். அடுத்த தட்டு அப்படித்தான் வானநீலமாக வந்தது. ஜெலட்டின் இன்னும் குறைந்த சூட்டில் இறுகும், அதனால் இனிப்புக் கம்பனிகளுக்கு அதை விட மனம் வருவதில்லை. ஆனால் எங்கள் பாசியும் இந்த நீலத்துக்கு இடம் கொடுக்கிறது. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் பச்சையும் கிடைக்கும்.

சர்பத்துக்கு மட்டும் சரிவரவில்லை. பேரன் எலுமிச்சம்பழம் பிழிந்தான். புளி பட்டதும் நீலம் திரைந்து அடியில் படிந்துவிட்டது. சிவப்பையே கலக்கித் தாங்க என்று விட்டான்.